சிறு பலகுடும்ப வாடகை வீடுகளைப் புதுப்பித்து மறுநிதியளித்தல்

சிறு பலகுடும்ப வாடகை வீடுகளைப் புதுப்பித்து மறுநிதியளித்தல் என்பது, பழுதடைந்த நிலையில் உள்ளதும் இரண்டு முதல் நான்கு குடியிருப்புகளைக் கொண்டதுமான ஒரு வாடகைக் கட்டடத்தை வாங்கிச் செப்பனிட்டு, வாடகைக்கு விட்டு, உயர்ந்த மதிப்பின் பேரில் புதிய அடமானக் கடன் பெற்று, முதலில் இட்ட பணத்தைத் திரும்ப எடுக்கும் முதலீட்டு முறை ஆகும். இது பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்காவில் கையாளப்படுகிறது. அந்நாட்டின் அடமானக் கடன் சட்டங்களும் கட்டட மரபும் வரி விதிகளும் சேர்ந்தே இம்முறையைச் சாத்தியமாக்கின. கட்டடத்தை விற்காமலேயே அதன் மதிப்பு உயர்வைப் பணமாக்குவது இதன் நோக்கம். எனினும் அவ்வாறு கைக்கு வரும் பணம் இலாபம் அன்று, கடனே. இம்முறையின் வலிமையும் ஆபத்தும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியுள்ளன.

பெயர்

வாங்கு, புதுப்பி, வாடகைக்கு விடு, மறுநிதி பெறு, மீண்டும் செய் என்ற ஐந்து கட்டளைகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இது "பி.ஆர்.ஆர்.ஆர்.ஆர்." முறை எனச் சுருக்கமாக அழைக்கப்படுகிறது. 2004 இல் தொடங்கப்பட்ட பிகர்பாக்கெட்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் இப்பெயரைப் பரவலாக்கியது. அந்நிறுவனம் டேவிட் கிரீன் இம்முறை பற்றி எழுதிய நூலை 2019 இல் வெளியிட்டது. பெயர் புதிதாயினும் செயல் பழையது. பழைய வீட்டை வாங்கிச் சீர்செய்து, அதன் மேல் கடன் பெற்று அடுத்த வீட்டை வாங்கிய சிறு உரிமையாளர்கள் அதற்கு முன்பும் பலர் இருந்தனர்.

கட்டடங்கள்

அமெரிக்காவின் பழைய தொழில் நகரங்கள் ஒவ்வொன்றும் தமக்கெனச் சிறு பலகுடும்ப வீட்டு வடிவம் ஒன்றைக் கொண்டுள்ளன. சிகாகோவில் செங்கல்லாலும் சாம்பல்நிறக் கல்லாலும் கட்டப்பட்ட இரண்டடுக்கு "டூ ஃபிளாட்" வீடுகள் மிகுதி. பாஸ்டன், வூஸ்டர், பிராவிடன்ஸ் முதலிய நியூ இங்கிலாந்து நகரங்களில் "டிரிபிள் டெக்கர்" எனப்படும் மூன்றடுக்கு மரவீடுகள் காணப்படுகின்றன. அடுக்குக்கு ஒரு குடியிருப்பு, முன்னும் பின்னும் திறந்த தாழ்வாரம், நான்கு புறமும் சன்னல்கள் என்பது இவற்றின் பொது அமைப்பு. இவை பெரும்பாலும் 1870களுக்கும் 1920களுக்கும் இடையே, ஆலைத் தொழிலாளர்களும் புலம்பெயர்ந்து வந்தோரும் வாழ்வதற்காகக் கட்டப்பட்டவை.

உரிமையாளர் ஓர் அடுக்கில் குடியிருந்து மற்ற இரண்டையும் வாடகைக்கு விடுவதும், அவ்வாடகையைக் கொண்டு கடனை அடைப்பதும் வழக்கமாக இருந்தன. தீ விபத்து அச்சத்தோடு குடியேறிகள் மீதான வெறுப்பும் கலந்து, இவ்வகை மரவீடுகளுக்கு எதிரான இயக்கம் ஒன்று எழுந்தது. 1912 இல் மாசச்சூசெட்ஸ் மாநிலம் இயற்றிய சட்டம், புதிதாக இவற்றைக் கட்டுவதை ஊர்கள் தடுக்க வழிவகுத்தது. எனவே இன்று சந்தைக்கு வருபவற்றில் மிகப் பெரும்பாலானவை ஏறத்தாழ நூறாண்டுப் பழமை உடையவை. புதுப்பிக்க வேண்டிய தேவை இவ்வீடுகளில் இயல்பாகவே அமைந்துவிட்டது.

கடன் முறையின் பின்னணி

1930களுக்கு முன் அமெரிக்க வீட்டுக் கடன்கள் குறுகிய காலத்தவை. சில ஆண்டுகள் வட்டி மட்டும் செலுத்தி, முடிவில் முதல் முழுவதையும் ஒரே தவணையில் திருப்பித் தர வேண்டும். அல்லது கடனைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். பெரும் பொருளியல் வீழ்ச்சியின்போது வங்கிகள் புதுப்பிக்க மறுத்ததால், ஏராளமானோர் வீடுகளை இழந்தனர். 1934 ஆம் ஆண்டின் தேசிய வீட்டுவசதிச் சட்டம் கூட்டாட்சி வீட்டு நிருவாகத்தை உருவாக்கியது. ஒன்று முதல் நான்கு குடும்பங்கள் வாழும் வீடுகளுக்கான நீண்டகாலக் கடன்களுக்கு அது காப்புறுதி அளித்தது. 1938 இல் ஃபேனி மே, 1970 இல் ஃபிரெடி மேக் ஆகிய அமைப்புகள் தோன்றி, வங்கிகளிடமிருந்து அடமானக் கடன்களை விலைக்கு வாங்கும் சந்தையை வளர்த்தன.

இதன் விளைவாக, நான்கு குடியிருப்புகள் கொண்ட கட்டடமும் சட்டத்தின் பார்வையில் "வீடு" எனவே கருதப்படுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மாறாத வட்டியில் அதற்குக் கடன் கிடைக்கும். ஐந்தாவது குடியிருப்பு சேர்ந்ததும் அது வணிகச் சொத்தாகிவிடும். வணிகக் கடன்கள் பெரும்பாலும் ஐந்து, ஏழு அல்லது பத்து ஆண்டுகளில் முதிர்ந்துவிடும், பின்னர் மீண்டும் கடன் தேடியாக வேண்டும். ஒரே தெருவில் உள்ள நான்கு குடியிருப்புக் கட்டடத்துக்கும் ஐந்து குடியிருப்புக் கட்டடத்துக்கும் தோற்றத்தில் வேறுபாடு அதிகம் இராது. உரிமையாளரின் ஆபத்தில் உள்ள வேறுபாடோ பெரிது.

இந்த வசதி எல்லோருக்கும் கிடைக்கவில்லை. கருப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளுக்குக் காப்புறுதி அளிப்பதைக் கூட்டாட்சி வீட்டு நிருவாகம் பல பத்தாண்டுகள் தவிர்த்து வந்தது. பழைய, நெருக்கமான, பலகுடும்ப வீடுகள் மிகுந்த பகுதிகளும் தாழ்வாகவே மதிப்பிடப்பட்டன. கடன் கிடைக்காத இடத்தில் கூரை மாற்றவும் மின்கம்பி மாற்றவும் பணம் கிடைக்காது. 1968 ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டமும் 1977 ஆம் ஆண்டின் சமூக மறுமுதலீட்டுச் சட்டமும் இதனைத் திருத்த முயன்றன. இன்று முதலீட்டாளர்கள் "மலிவான, பழுதடைந்த வீடுகள் நிறைந்த பகுதி" எனத் தேடிச் செல்லும் இடங்களில் பல, இவ்வாறு கடன் மறுக்கப்பட்டதால் மலிந்தவை என்பது பெரும்பாலான கையேடுகளில் சொல்லப்படுவதில்லை.

செயல்முறை

பழுதடைந்த வீட்டுக்கு வழக்கமான அடமானக் கடன் கிடைப்பது அரிது. ஆகவே வாங்குபவர் சொந்தப் பணத்தையோ, "ஹார்டு மணி" எனப்படும் தனியார் குறுங்காலக் கடனையோ பயன்படுத்துகிறார். பின்னது வழக்கமான கடனைவிட மிகுந்த வட்டி உடையது, ஓராண்டு அல்லது அதையொட்டிய காலத்துக்குள் திருப்பித் தர வேண்டியது. வட்டி அல்லாமல் "பாயிண்ட்" என்ற பெயரில் தொடக்கக் கட்டணமும் உண்டு. ஒரு பாயிண்ட் என்பது கடன் தொகையில் ஒரு விழுக்காடு. இக்கடன் ஓடும் ஒவ்வொரு மாதமும் செலவுதான். எனவே வேலையை விரைந்து முடித்து நீண்டகாலக் கடனுக்கு மாறுவதே முதலீட்டாளரின் முதற்கவலை.

பணி முடிந்து குடியிருப்போர் வந்தபின் பெறப்படும் புதிய கடன் "பணமெடுப்பு மறுநிதியளிப்பு" ஆகும். இதில் பழைய கடன் அடைக்கப்பட்டு, எஞ்சிய தொகை உரிமையாளரின் கைக்கு வரும். இதற்கு வரம்புகள் உண்டு. ஃபேனி மே விதிகளின்படி, உரிமையாளர் வாழாத இரண்டு முதல் நான்கு குடியிருப்புக் கட்டடத்துக்கு மதிப்பில் 70 விழுக்காடு வரையே இவ்வாறு கடன் பெறலாம். உரிமையாளர் அதில் வாழ்ந்தால் 75 விழுக்காடு. மேலும், அடைக்கப்படும் முதல் அடமானக் கடன் குறைந்தது 12 மாதப் பழமை உடையதாக இருக்க வேண்டும் என்ற விதி 2023 இல் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் ஆறு மாத உரிமைக் காலமே போதுமானதாக இருந்தது. குறுங்காலக் கடனில் வாங்கியவருக்கு இம்மாற்றம் மேலும் பல மாத வட்டியாகப் பொருள்படும். இதனால் பலர் ஃபேனி மே விதிகளுக்கு உட்படாத, வாடகை வருவாய்க்கும் தவணைக்கும் உள்ள விகிதத்தை மட்டும் பார்க்கும் தனியார் கடன்களை நாடுகின்றனர். அவற்றின் வட்டி சற்றுக் கூடுதல்.

தாமே குடியிருக்க முன்வருவோருக்கு வேறு வழியும் உண்டு. கூட்டாட்சி வீட்டு நிருவாகத்தின் காப்புறுதிக் கடனில், தகுந்த கடன் மதிப்பெண் உடையவர் 3.5 விழுக்காட்டு முன்பணத்தில் நான்கு குடியிருப்பு வரையான வீட்டை வாங்கலாம், ஓராண்டாவது அதில் வாழ வேண்டும். மூன்று அல்லது நான்கு குடியிருப்பாயின், கணக்கிடப்பட்ட நிகர வாடகை தவணையை ஈடுசெய்ய வேண்டும் என்ற கூடுதல் சோதனையும் உண்டு. 203(கே) எனப்படும் பிரிவின்கீழ் வாங்கும் விலையையும் புதுப்பிக்கும் செலவையும் ஒரே கடனில் சேர்த்துவிடலாம் என்பதால், இடைக்காலக் கடனே தேவைப்படுவதில்லை. 2023 நவம்பர் முதல் ஃபேனி மேயும் தாமே குடியிருக்கும் இரண்டு முதல் நான்கு குடியிருப்பு வீடுகளை 5 விழுக்காட்டு முன்பணத்தில் வாங்க இடமளித்தது. பழைய மூன்றடுக்கு வீட்டு மரபுக்கு மிக அண்மையில் நிற்பவை இக்கடன்களே.

மதிப்பீடு

முழுத் திட்டமும் மதிப்பீட்டாளர் எழுதும் ஒரு தொகையில் நிற்கிறது. ஐந்து குடியிருப்புகளுக்கு மேற்பட்ட கட்டடங்கள் முதன்மையாக வருவாயைக் கொண்டு மதிப்பிடப்படுகின்றன. ஆண்டு நிகர வருவாயை அப்பகுதியில் வழங்கும் ஈட்டு வீதத்தால் வகுத்தால் மதிப்பு கிடைக்கும். ஆறு குடியிருப்புகளில் மாத வாடகை தலா 100 டாலர் உயர்ந்து, செலவு மாறாதிருந்தால், ஆண்டு வருவாய் 7,200 டாலர் கூடும். ஈட்டு வீதம் 6 விழுக்காடாயின் மதிப்பு 1,20,000 டாலர் உயரும்.

இரண்டு முதல் நான்கு குடியிருப்பு வீடுகளில் நிலைமை வேறு. மதிப்பீட்டாளர் வாடகையையும் கணக்கில் எடுத்தாலும், அருகில் அண்மையில் விற்ற ஒத்த வீடுகளின் விலையே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. எனவே, சிறு கட்டடத்தின் உரிமையாளர் வாடகையை எவ்வளவு உயர்த்தினாலும் அக்கம்பக்கத்து விற்பனை விலையைத் தாண்டிச் செல்ல இயலாது. சமையலறைக்குக் கருங்கல் மேடை அமைத்த செலவு முழுவதும் மதிப்பில் திரும்பும் என்று எதிர்பார்த்து ஏமாறுவோர் மிகப் பலர்.

ஓர் எடுத்துக்காட்டு

பின்வருவது கணக்கை விளக்குவதற்காக அமைக்கப்பட்ட கற்பனைத் தொகை. மூன்று குடியிருப்புகள் கொண்ட ஒரு வீடு 4,00,000 டாலருக்கு வாங்கப்படுகிறது. புதுப்பிக்க 1,20,000 டாலரும், வட்டி, வரி, காப்பீடு, பதிவுச் செலவு ஆகியவற்றுக்கு 30,000 டாலரும் ஆகின்றன. மொத்தம் 5,50,000 டாலர். பணிக்குப் பிந்தைய மதிப்பு 7,00,000 டாலர் என்றால், 70 விழுக்காட்டுக் கடன் 4,90,000 டாலர். முதலீட்டாளரின் பணத்தில் 60,000 டாலர் வீட்டிலேயே தங்குகிறது. மதிப்பீட்டாளர் 6,40,000 என எழுதியிருந்தால், கடன் 4,48,000 டாலராகக் குறைந்து, தங்கும் பணம் 1,02,000 டாலராகியிருக்கும்.

இனி வருவாய். குடியிருப்புக்கு 1,900 வீதம் மாத வாடகை 5,700 டாலர். சொத்து வரி, காப்பீடு, பழுதுபார்ப்பு, காலியாக இருக்கும் காலம், மேலாண்மை ஆகியவற்றுக்கு 40 விழுக்காடு ஒதுக்கினால் 3,420 டாலர் மிஞ்சும். 4,90,000 டாலர் கடனை முப்பது ஆண்டுகளில் அடைக்க, வட்டி 4 விழுக்காடாயின் மாதத் தவணை ஏறத்தாழ 2,339 டாலர். உரிமையாளருக்கு மாதம் 1,081 டாலர் மிஞ்சுகிறது. வட்டி 7.5 விழுக்காடாயின் தவணை 3,426 டாலர். அதே வீடு, அதே வாடகை, அதே உழைப்பு இருந்தும் மாதம் ஆறு டாலர் கைநட்டம். கொதிகலன் ஒன்று பழுதானால் ஆண்டுக் கணக்கே தலைகீழாகிவிடும்.

இத்தகைய மாற்றம் வெறும் கற்பனை அன்று. ஃபிரெடி மேக் வெளியிடும் முப்பதாண்டு அடமானக் கடனின் வாராந்திரச் சராசரி வட்டி 2021 சனவரியில் 2.65 விழுக்காடு என்ற வரலாற்றுத் தாழ்நிலையை அடைந்து, 2023 அக்டோபரில் 7.79 விழுக்காட்டுக்கு ஏறியது. இது தாமே குடியிருப்போருக்கான வீதம், முதலீட்டுச் சொத்துகளுக்கு இதைவிடக் கூடுதல். 2021 இல் முப்பதாண்டு வட்டியை நிலைப்படுத்திக் கொண்டவர்களை இந்த ஏற்றம் தொடவில்லை. குறுங்காலக் கடனில் வாங்கி, பணியை முடித்து, மறுநிதியளிப்புக்குக் காத்திருந்தவர்களே சிக்கினர். கடனைப் புதுப்பிக்க வேண்டிய நாளில் நிலைமை எப்படி இருக்கும் என்று தெரியாமை, 1930களில் வீடுகளைப் பறித்த அதே ஆபத்துதான்.

முதலீட்டாளர்களிடையே "70 விழுக்காட்டு விதி" ஒன்று வழங்குகிறது. பணிக்குப் பிந்தைய மதிப்பில் 70 விழுக்காட்டிலிருந்து செப்பனிடும் செலவைக் கழித்தால் வருவதே கொடுக்கத்தக்க உயர்ந்த விலை என்பது அவ்விதி. மேற்கண்ட வீட்டுக்கு அது 3,70,000 டாலர். ஆனால் இவ்விதி இடைக்கால வட்டியையும் வரியையும் கணக்கில் கொள்வதில்லை. அவற்றையும் சேர்த்து முழுப் பணத்தையும் மீட்க வேண்டுமானால் 3,40,000 டாலருக்கே வாங்கியிருக்க வேண்டும்.

புதுப்பிக்கும் பணி

நூறாண்டுப் பழமையான மரவீட்டில் கண்ணுக்குத் தெரியும் பழுதைவிடச் சுவருக்குள் மறைந்திருப்பது அதிகம். பீங்கான் குமிழ்களில் தாங்கிச் செல்லும் பழைய மின்கம்பி முறையைக் காப்பீட்டு நிறுவனங்கள் பல ஏற்பதில்லை. கொதிநீர்க் குழாய்களைச் சுற்றி கல்நார் இருக்கக்கூடும். சமையலறைகளும் குளியலறைகளும் அடுக்குகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருப்பதால் குழாய்ப் பணி எளிதாகிறது. அதே காரணத்தால் மேல்தளத்தில் ஏற்படும் ஒரு கசிவு மூன்று வீடுகளையும் பாழாக்கும். மரத் தாழ்வாரங்கள் உளுத்துப்போவதும் பொதுவானது. ஒவ்வொரு குடியிருப்புக்கும் தனி மின்அளவியும் தனிக் கொதிகலனும் அமைப்பது செலவு மிக்கதாயினும், வெப்பமூட்டும் செலவு உரிமையாளரிடமிருந்து குடியிருப்போருக்கு மாறுவதால் முதலீட்டாளர்கள் அதை விரும்புகின்றனர். குளிர்காலம் கடுமையான நியூ இங்கிலாந்தில் இது மறைமுகமான வாடகை உயர்வே ஆகும்.

இங்கு இன்னொரு எல்லைக்கோடும் குறுக்கிடுகிறது. வங்கிகளுக்குக் கோடு நான்குக்கும் ஐந்துக்கும் இடையே உள்ளது. கட்டட விதிகளுக்கோ அது இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே உள்ளது. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் பன்னாட்டு வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு, ஒரு குடும்ப, இரு குடும்ப வீடுகளையும் வரிசை வீடுகளையும் மட்டுமே உள்ளடக்கும். மூன்றடுக்கு வீடு இதைவிடக் கடுமையான பொதுக் கட்டட விதிகளுக்கு உட்படும். தீத்தடுப்புச் சுவர், இரண்டாவது வெளியேறும் வழி, சில வேளைகளில் தானியங்கித் தீயணைப்பு நீர்த்தெளிப்பான் ஆகியவை தேவைப்படலாம். கடன் வாங்கும்போது "வீடு" எனக் கருதப்பட்டது, அனுமதி கோரும்போது அவ்வாறு கருதப்படாததைப் பலர் வாங்கிய பின்னரே அறிகின்றனர்.

ஈயம் கலந்த வண்ணப்பூச்சு தனியே குறிப்பிடத்தக்கது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் இது வீடுகளில் பயன்படுத்தப்படுவது 1978 இல் தடைசெய்யப்பட்டது. அதற்கு முந்தைய வீடுகளில் பூச்சைச் சுரண்டும் பணியைச் சான்றிதழ் பெற்ற நிறுவனங்களே செய்ய வேண்டும் என்ற கூட்டாட்சி விதி 2010 முதல் நடைமுறையில் உள்ளது. மாசச்சூசெட்ஸ் சட்டம் மேலும் கடுமையானது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை வாழும் பழைய வீட்டில் ஈய ஆபத்தை நீக்குவது அல்லது மூடுவது உரிமையாளரின் கடமை. அச்செலவுக்கு அஞ்சிக் குழந்தை உள்ள குடும்பத்துக்கு வீடு தர மறுப்பதும் அங்குச் சட்டவிரோதம்.

குடியிருப்போர் நிலை

மலிவாக வாங்கப்படும் வீடு பெரும்பாலும் காலியாக இருப்பதில்லை. அதில் நீண்டகாலம் குறைந்த வாடகையில் வாழ்வோர் இருப்பர். ஒவ்வொரு குடியிருப்பும் இயல்பாகக் காலியாகும்போது அதைப் புதுப்பிப்பது ஒரு வழி. மொத்தமாக அனைவரையும் வெளியேற்றி ஒரே மூச்சில் பணியை முடிப்பது மற்றொரு வழி. முதலாவது பல ஆண்டுகள் எடுக்கும். மிகுந்த வட்டியில் ஓடும் குறுங்காலக் கடனோ அவ்வளவு காலம் பொறுக்காது. ஆகவே கடனின் கெடுவே குடியிருப்போர் வெளியேற வேண்டிய கெடுவாகவும் மாறிவிடுகிறது. உரிமையாளர் நல்லவரா கெட்டவரா என்பதைவிட, அவர் எந்தக் கடனில் வாங்கினார் என்பதே பலவேளைகளில் இதைத் தீர்மானிக்கிறது.

சட்டப் பாதுகாப்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். மாசச்சூசெட்சில் 1994 ஆம் ஆண்டு வாக்கெடுப்பு, பாஸ்டன், கேம்பிரிட்ஜ், புரூக்லைன் ஆகிய ஊர்களில் இருந்த வாடகைக் கட்டுப்பாட்டை முடிவுக்குக் கொண்டுவந்தது. நியூயார்க் நகரின் வாடகை நிலைப்படுத்தல் பெரும்பாலும் 1974 க்கு முன் கட்டப்பட்ட, ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட குடியிருப்புகள் உள்ள கட்டடங்களுக்கே உரியது. ஆக, சிறு கட்டடங்களில் வாழ்வோர் பெரும்பாலும் அதற்கு வெளியே நிற்கின்றனர். கலிபோர்னியாவில் 2020 சனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், விலைவாசி உயர்வுடன் 5 விழுக்காடு சேர்த்து, எவ்வாறாயினும் 10 விழுக்காட்டுக்கு மேற்படாமல், ஆண்டு வாடகை உயர்வுக்கு வரம்பு வைத்தது. அதே சட்டம் பெரும் புதுப்பிப்பை வெளியேற்றத்துக்குரிய காரணமாக ஏற்றது. அது தவறாகப் பயன்படுத்தப்பட்டதால், உரிய அனுமதிப் பத்திரங்களை அறிவிப்போடு இணைக்க வேண்டும் என்ற திருத்தம் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

உரிமையாளர் கடனைத் திருப்ப முடியாமல் போகும்போதும் முதலில் அல்லற்படுவோர் குடியிருப்போரே. 2008 ஐ ஒட்டிய நெருக்கடியில் வீட்டு விலை கடனைவிடக் கீழே இறங்கியது. வங்கிகள் கட்டடங்களைக் கைப்பற்றியபோது, வாடகையை ஒழுங்காகச் செலுத்தி வந்தவர்களும் வெளியேற்றப்பட்டனர். 2009 இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம் அவர்களுக்குக் குறைந்தது 90 நாள் அவகாசம் அளித்தது. 2014 இறுதியில் காலாவதியான அச்சட்டம் 2018 இல் நிரந்தரமாக மீட்கப்பட்டது. மாசச்சூசெட்ஸ் 2010 இல் இன்னும் ஒரு படி மேலே சென்று, இவ்வாறு கைப்பற்றிய வீட்டின் குடியிருப்போரைத் தகுந்த காரணமின்றி வெளியேற்ற வங்கிகளுக்குத் தடை விதித்தது.

வரி

மறுநிதியளிப்பில் பெறும் பணம் கடனாதலால் அதற்கு வருமான வரி இல்லை. 1986 ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டத்தைத் தொடர்ந்து, வாடகைக் குடியிருப்புக் கட்டடத்தின் விலையை 27.5 ஆண்டுகளில் தேய்மானமாகக் கழிக்கலாம், நிலத்தின் மதிப்பை அவ்வாறு கழிக்க இயலாது. கழிவு எழுத எழுத வரிக் கணக்கில் வீட்டின் அடக்கவிலை குறைந்துகொண்டே வரும். விற்கும்போது இலாபம் அக்குறைந்த அடக்கவிலையிலிருந்தே கணக்கிடப்படும், முன்பு எழுதிய தேய்மானத்தின் மேல் 25 விழுக்காடு வரை வரி விதிக்கப்படும். நிலுவையில் உள்ள கடன் இந்த இலாபத்தைக் குறைக்காது. ஆகவே பலமுறை பணமெடுத்த ஒருவர் வீட்டை விற்றுக் கடனை அடைத்தபின், கையில் மிஞ்சியதைவிட அதிக வரி செலுத்த வேண்டிய நிலையும் வரலாம். ஒரு முதலீட்டுச் சொத்தை விற்று வேறொன்றை வாங்கும்போது வரியைத் தள்ளிப்போட இடமளிக்கும் 1031 ஆம் பிரிவை நாடுவோர் இதனாலேயே மிகுதி. உரிமையாளர் இறந்தால் வாரிசுகளுக்கு அடக்கவிலை அன்றைய சந்தை மதிப்புக்கு உயர்த்தப்படும் என்பதால், விற்காமல் இறுதிவரை வைத்திருப்போரும் உண்டு.